கிளஸ்டரில் மாற்றம் செய்யும் முன் ஒத்திகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதேனும் ஓர் இணையச் சேவை சில மணி நேரம் முடங்கினால், ‘சர்வர் கோளாறு’ என்ற இரண்டு சொற்களே செய்தியில் காரணமாக இடம்பெறுகின்றன. படிப்பவர் மனத்தில் ஏதோ ஓர் இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டதாகவே தோன்றும். ஹை அவைலபிலிட்டி கிளஸ்டர்களை, அதாவது ஒரு சர்வர் நின்றாலும் சேவை நிற்காதபடி பல சர்வர்களை இணைத்துக் கட்டிய அமைப்புகளை, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இது பற்றி எழுத விரும்புகிறேன். இயந்திரம் ஒருநாள் பழுதாகும் என்று எதிர்பார்த்தே இவை கட்டப்படுகின்றன. பழுதாகும்போது பெரும்பாலும் ஒழுங்காகவே சமாளிக்கின்றன. என் கண்முன் இவை விழுந்த நேரங்களில் அதிகமானவை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டரில் யாரோ ஒருவர் ஒரு சிறிய அமைப்பை மாற்றிய நேரங்கள். அந்த மாற்றத்தின் விளைவை முன்கூட்டியே பார்க்கும் வசதி அதே மென்பொருளில் பல ஆண்டுகளாக இருந்தும், அதைப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை என்பதே என் கவலை.

லினக்ஸ் உலகில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது பேஸ்மேக்கர், கோரோசிங்க் என்ற இரண்டு மென்பொருள்களின் கூட்டு. எந்தெந்த நோடுகள், அதாவது கிளஸ்டரில் இணைந்த சர்வர்கள், உயிருடன் இருக்கின்றன, முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை இருக்கிறதா என்பதைக் கோரோசிங்க் கவனித்துக்கொள்கிறது. எந்த வேலை எந்த நோடில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது பேஸ்மேக்கர். அந்த வேலைகளுக்குத்தான் ரிசோர்ஸ் என்று பெயர்: பயனர்கள் வந்து சேரும் ஐபி முகவரி ஒரு ரிசோர்ஸ், தரவு இருக்கும் ஃபைல் சிஸ்டம் ஒரு ரிசோர்ஸ், அதன்மேல் ஓடும் டேட்டாபேஸ் இன்னொரு ரிசோர்ஸ். ஒவ்வொன்றையும் தொடங்கவும், நிறுத்தவும், அது நலமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் ரிசோர்ஸ் ஏஜென்ட் என்ற சிறு நிரல் உண்டு. விதிகள் அனைத்தும் சிஐபி எனப்படும் ஒரே எக்ஸ்எம்எல் ஆவணத்தில் எழுதப்பட்டு, அதன் நகல் எல்லா நோடுகளிலும் ஒன்றுபோல் பேணப்படுகிறது.

இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு எளிதில் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. தனித்து நிற்கும் சர்வரில் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்திச் சேமித்தால் உடனே எதுவும் நடந்துவிடாது. அந்தச் சேவையை நாமே ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் புதிய அமைப்பு நடைமுறைக்கு வரும், அதற்கு உகந்த நேரத்தையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். கிளஸ்டரில் அந்த இடைவெளி கிடையாது. நாம் சிஐபியில் எழுதுவது, நிலைமை இப்படி இருக்க வேண்டும் என்ற விருப்பத்தை. எழுதிய அடுத்த நொடியே பேஸ்மேக்கர் அந்த விருப்பத்தையும் நடப்பையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சரிசெய்யத் தானாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு ரிசோர்ஸும் எந்த மதிப்புகளோடு தொடங்கப்பட்டது என்பதன் சுருக்கக் குறியீடு ஒன்று அதனிடம் இருக்கிறது. நாம் ஒரு மதிப்பை மாற்றியதும் குறியீடு பொருந்தாமல் போகும்; ஓடிக்கொண்டிருப்பது பழைய மதிப்போடு ஓடுகிறது என்று கண்டு, அதை நிறுத்திவிட்டுப் புதிய மதிப்போடு தொடங்கும். அந்த ஏஜென்ட், ஓடுவதை நிறுத்தாமலேயே புதிய மதிப்பை ஏற்கச் செய்யும் ரீலோடு வசதியைக் கொண்டிருந்து, மாற்றிய மதிப்பும் ரீலோடில் ஏற்கத்தக்கது என்று அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நிறுத்தாமல் விடும். அதுமட்டுமன்று, அந்த ரிசோர்ஸைச் சார்ந்து மேலே ஓடுபவை அனைத்தும் முதலில் நிறுத்தப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் ரிசோர்ஸ்களின் தொகுப்பான ஒரு குரூப்பில் அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைத் தொட்டால், உச்சியில் இருக்கும் டேட்டாபேஸ்தான் முதலில் இறங்கும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் பணியாற்றிய ஓரிடத்தில், இரண்டு நோடு கொண்ட கிளஸ்டரில் ஃபைல் சிஸ்டத்தின் மவுன்ட் விருப்பங்களில், அதாவது அதைச் சர்வரோடு இணைக்கும்போது தரும் அமைப்புகளில், ‘நோஏடைம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் படித்த நேரத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்வதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தனிச் சர்வரில் எதையும் நிறுத்தாமலேயே ரீமவுன்ட் செய்து முடிக்கக்கூடிய வேலை. அதே நினைப்பில், பயனர்கள் குறைவாக இருக்கும் நள்ளிரவுக்குப் பின் கட்டளையைத் தட்டினேன். திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, கட்டளை ஒழுங்காக முடிந்தது. அடுத்து நிலையைப் பார்த்தபோது டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

அதுவரைகூட நிலைமை கைமீறவில்லை. நிறுத்தி, மறுபடி தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் எழுந்துவிடும் என்று காத்திருந்தேன். ஆனால் அந்த டேட்டாபேஸ் நிற்பதற்கு முன், நினைவகத்தில் தேங்கியிருந்த மாற்றங்களை எல்லாம் வட்டில் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடித்தது. நிறுத்துவதற்கான காலக்கெடுவை அமைப்பில் யாரும் குறிப்பிட்டிருக்கவில்லை. குறிப்பிடாவிட்டால் பேஸ்மேக்கர் 20 விநாடியை எடுத்துக்கொள்ளும். 20 விநாடி கழிந்ததும் ‘நிறுத்த முடியவில்லை’ என்று முடிவு செய்தது. ஒரு ரிசோர்ஸை நிறுத்த முடியவில்லை என்றால், அது இன்னும் தரவைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கிளஸ்டருக்குத் தெரியாது. தெரியாத நிலையில் இன்னொரு நோடில் அதைத் தொடங்குவது தரவையே அழித்துவிடக்கூடும். ஆகவே ஃபென்சிங், அதாவது ஐயத்துக்குரிய நோடை வலிந்து விலக்கும் ஏற்பாடு, இருக்கும் கிளஸ்டரில் அது இயல்பாகச் செய்வது அந்த நோடை விலக்குவது, பெரும்பாலும் அதன் மின்சாரத்தைத் துண்டித்து. என் கண்முன்னே நோடு அணைந்தது. இரண்டாவது நோடு குரூப்பை ஏற்றுக்கொண்டு டேட்டாபேஸைத் தொடங்கியது. பாதியில் அறுந்த டேட்டாபேஸ் ஆகையால், அது மாற்றங்களைப் பதிந்து வைத்த லாகைப் படித்துத் தன்னைச் சீர்செய்துகொள்ள நெடுநேரம் கேட்டது. தொடங்குவதற்கான காலக்கெடுவும் போதவில்லை. தொடக்கம் ஒருமுறை தோற்றாலே அந்த நோடைத் தகுதியற்றதாகக் கருதுவது இயல்பு அமைப்பு. இப்படியாக, ஒரு சொல்லைச் சேர்த்ததால் சேவை எங்குமே ஓடாத நிலை வந்தது. கிளஸ்டரை ஒதுக்கி வைத்து, கையாலேயே டேட்டாபேஸைத் தொடங்கி, அது தேறி எழும்வரை காத்திருந்து முடித்தபோது விடிந்துவிட்டது.

அந்த இரவில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிளஸ்டர் தன் விதிப்படியே ஒவ்வோர் அடியும் எடுத்து வைத்தது. தவறு என்னுடையது, இரண்டு இடங்களில் தவறினேன். முதலாவது காலக்கெடு. ஒரு சேவையை நிறுத்தவும் தொடங்கவும் மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அளந்து, அதைவிடத் தாராளமாகக் காலக்கெடு வைத்திருக்க வேண்டும். ஏஜென்ட் பரிந்துரைக்கும் மதிப்பைச் சில கருவிகள் தாமாகவே எழுதிவிடும், சில எழுதாது. பழைய கிளஸ்டர்களில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். நிறுத்தும் காலக்கெடுவை நீட்டிப்பதால் ரிசோர்ஸ் ரீஸ்டார்ட் ஆவதில்லை. ஆகையால் அதை முதல் மாற்றமாகத் தனியே செய்துவிட்டு, மற்ற மாற்றங்களுக்குப் பின்னர் வரலாம். இந்த வரிசை மிக முக்கியம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்பவர்கள், நடுவில் ஏதேனும் நடந்தால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தவறு, ஒத்திகை பாராமல் இறங்கியது. பேஸ்மேக்கரில் சிஐபியின் நிழல் நகல் ஒன்றை உருவாக்கி, மாற்றங்களை அதில் மட்டும் செய்து பார்க்கலாம். ஓடும் கிளஸ்டருக்கு எதுவும் தெரியாது. பிறகு அந்த நகலை ‘சிஆர்எம் சிமுலேட்’ என்ற கருவியிடம் கொடுத்தால், இதை நடைமுறைப்படுத்தினால் எந்த ரிசோர்ஸ் நிற்கும், எது ரீஸ்டார்ட் ஆகும், எது நோடு மாறும், எந்த வரிசையில் என்பதை வரிவரியாகச் சொல்லும். கிளஸ்டரை நிர்வகிக்க ‘பிசிஎஸ்’ என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் சிஐபியை ஒரு கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பின்மேல் மாற்றங்களைச் செய்து, சோதித்துவிட்டுத் திரும்பச் செலுத்தலாம். அதே வேலைக்கான ‘சிஆர்எம் ஷெல்’ என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்துபவர்கள் மாற்றத்தை உறுதிசெய்யும் முன்பே அதே இடத்தில் ஒத்திகை பார்க்கலாம். அன்று நான் இதைச் செய்திருந்தால், டேட்டாபேஸின் பெயருக்கு எதிரே ரீஸ்டார்ட் என்ற சொல் பளிச்சென்று நின்றிருக்கும். அரை நிமிட வேலை.

கோப்பாக எடுத்துத் திருத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோப்பை எடுத்த நேரத்துக்கும் திரும்பச் செலுத்தும் நேரத்துக்கும் இடையில் கிளஸ்டர் சும்மா இருப்பதில்லை. வேறொரு நிர்வாகியும் ஏதேனும் மாற்றியிருக்கலாம். முழுக் கோப்பையும் செலுத்தினால் அந்த மாற்றங்களோடு மோதும். எடுத்த மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, அதற்கும் திருத்திய கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் செலுத்தும் வசதி இருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும். எதையும் தொடும் முன் எடுத்த அந்தப் பிரதியே, தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் உதவும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்புவதும் இன்னொரு மாற்றமே, அதுவும் ரீஸ்டார்ட்டை உண்டாக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. பதற்றத்தில் உடனே திருப்பிப் போட்டு, ஒரு ரீஸ்டார்ட்டை இரண்டாக்கியவர்கள் உண்டு.

ஒத்திகைக்கும் எல்லை இருக்கிறது. கிளஸ்டர் என்ன முடிவெடுக்கும் என்பதை அது சொல்லும். அந்த முடிவை நிறைவேற்ற எவ்வளவு நேரமாகும், ஏஜென்ட் சரியாக வேலை செய்யுமா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஒவ்வோர் அடியும் வெற்றி பெறும் என்று எடுத்துக்கொண்டே அது கணக்கிடுகிறது. குறிப்பிட்ட ஓர் அடி தோற்றால் என்ன ஆகும் என்றும் அதனிடம் கேட்கலாம். டேட்டாபேஸ் நிற்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால், நோடை அணைப்பேன் என்று பதில் சொல்லும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் முக்கியமான கிளஸ்டரில் எந்த மாற்றத்தையும் செய்யக் கூடாது என்பதே இப்போது என் வழக்கம்.

பலர் இதற்கெல்லாம் மாற்றாக மெயின்டனன்ஸ் மோடை நம்புகிறார்கள். அதை இயக்கினால் கிளஸ்டர் எல்லா ரிசோர்ஸ்களிலிருந்தும் கையை எடுத்துக்கொள்ளும். தொடங்காது, நிறுத்தாது, நலம் பார்ப்பதையும் விட்டுவிடும். ஓடுபவை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மிகவும் பயனுள்ள வசதிதான், ஆனால் ஆபத்து அதற்குள் நுழையும்போது இல்லை, வெளியே வரும்போது இருக்கிறது. மெயின்டனன்ஸ் மோடில் இருக்கும்போது ஒரு மதிப்பை மாற்றிவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று மகிழ்ந்து மோடை நீக்கினால், அதுவரை காத்திருந்த ரீஸ்டார்ட் அந்த நொடியில் நடக்கும். அதேபோல், அந்த நேரத்தில் கையால் ஒரு சேவையை நிறுத்தியிருந்தால், கிளஸ்டர் அதை அறியாமல் இன்னும் ஓடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்; வெளியே வந்து நலம் பார்க்கும்போது அது இல்லாததைக் கண்டு, தோல்வி என்று பதிந்து மீட்பு நடவடிக்கையில் இறங்கும். ஆகவே வெளியே வரும் முன் ரிசோர்ஸ்களின் உண்மை நிலையைப் புதிதாகக் கேட்டறியும் ரெஃப்ரெஷ் கட்டளையைக் கொடுத்து, அதன்பின் மறுபடியும் சிமுலேட் செய்து, எந்த நடவடிக்கையும் திட்டத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டே மோடை நீக்க வேண்டும். ஒரு ரிசோர்ஸை மட்டும் ஒதுக்கி வைத்தால் போதும் என்ற நிலையில் முழுக் கிளஸ்டரையும் மெயின்டனன்ஸில் போடுவது நல்லதன்று. அந்த நேரத்தில் உண்மையாகவே ஒரு நோடு விழுந்தால் தாங்குவதற்கு ஆள் இருக்காது.

வெளியே வரும் தருணம் எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் பொதுவெளியில் உள்ள ஒரு நிகழ்வே சான்று. 2012 செப்டம்பரில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் தன் சேவைத் தடை குறித்துத் தானே விரிவாக எழுதியது. டேட்டாபேஸின் கட்டமைப்பில் செய்த வழக்கமான ஒரு மாற்றத்தால் சுமை ஏறி, நலப் பரிசோதனை தோற்று, முதன்மைப் பொறுப்பு இன்னொரு நோடுக்கு மாறியது. புதிய நோடின் நினைவகத்தில் தரவு இன்னும் ஏறியிருக்கவில்லை. அதனால் அதுவும் திணறியது, பொறுப்பு மறுபடி கைமாறியது. இதைத் தடுக்கப் பேஸ்மேக்கரை மெயின்டனன்ஸ் மோடில் வைத்தார்கள். மறுநாள் அந்த மோடை நீக்க முயன்றபோது பேஸ்மேக்கரே செயலிழந்து, 3 நோடு கொண்ட கிளஸ்டர் இரண்டும் ஒன்றுமாகப் பிளந்தது. இரு பக்கமும் தனித்தனியே முதன்மை நோடைத் தேர்ந்தெடுக்க முயன்றன. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியதால்தான் எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிந்தது.

ரிசோர்ஸை ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடுக்கு நகர்த்தும் மூவ் கட்டளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகர்த்துவது என்பது கிளஸ்டரைப் பொறுத்தவரை ஒரு நிரந்தர விதியை எழுதுவது: இந்த ரிசோர்ஸ் அங்கேதான் இருக்க வேண்டும், அல்லது இங்கே இருக்கக் கூடாது என்று. வேலை முடிந்ததும் அந்த விதியை நீக்க மறந்தால், பல மாதங்கள் கழித்து உண்மையான பழுது நேரும்போது போவதற்கு இடமிருந்தும் ரிசோர்ஸ் போகாது. ‘பிசிஎஸ்’ கருவியின் புதிய பதிப்புகள் நகர்த்தி முடித்ததும் தாமே அந்த விதியை நீக்கிவிடுகின்றன. பழைய பதிப்புகளில் கையால் நீக்க வேண்டும். எந்தக் கிளஸ்டரை நான் புதிதாக ஏற்றுக்கொண்டாலும் முதலில் தேடுவது இப்படி விட்டுப்போன விதிகளைத்தான். அநேகமாக ஒன்றாவது கிடைக்கும்.

இன்னொரு பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. மாற்றம் செய்யும்போது நோடு அணைந்துவிடக் கூடாது என்பதற்காக ஃபென்சிங்கையே நிறுத்தி வைக்கும் வழக்கம் அது. நான் மேலே சொன்ன இரவில் நோடு அணைந்தது சேவையைப் பாதித்தது. ஆனால் தரவைக் காப்பாற்றியது. ஒரே நேரத்தில் இரண்டு நோடுகள் ஒரே சாதாரண ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்துவிட்டால், ஒன்று எழுதுவதை மற்றொன்று அறியாமல் எழுதி, சில நிமிடங்களில் தரவு மீட்க முடியாதபடி சிதைந்துவிடும். சேவை இரண்டு மணி நேரம் நின்றால் பயனர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தரவு போனால் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்காது. அணைத்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால் நீட்ட வேண்டியது காலக்கெடுவை. ஃபென்சிங்கைத் தொடவே கூடாது.

இவ்வளவையும் தனி நிர்வாகியின் பொறுப்பாக மட்டும் விட்டுவிட முடியாது. கிளஸ்டருக்காகப் பெரும் பணம் செலவிடும் நிறுவனங்கள், அதே அமைப்புடன் சிறிய சோதனைக் கிளஸ்டர் ஒன்றை வைத்துக்கொள்ளத் தயங்குகின்றன. இரண்டு மெய்நிகர் இயந்திரங்களும் உண்மையிலேயே நோடை அணைக்கும் ஒரு ஃபென்சிங் ஏற்பாடும் இருந்தாலே போதும். சிமுலேட் சொல்ல முடியாதவற்றை அது சொல்லிவிடும். மாற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் ‘பாதிப்பு இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் கையொப்பம் கிடைத்துவிடுகிறது. அந்த வரிக்குப் பதிலாக சிமுலேட் காட்டிய முடிவை அப்படியே இணைக்க வேண்டும் என்றும், அதை இரண்டாவது நிர்வாகி ஒருவர் படித்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தால், என்னுடைய அந்த இரவு போன்ற இரவுகள் பலருக்கு வராது. நள்ளிரவில் தனியாக அமர்ந்து மாற்றம் செய்யும் முறையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பயனர்கள் குறைவாக இருக்கும் அதே நேரத்தில்தான் உதவிக்கு அழைக்க ஆட்களும் குறைவாக இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ஒரு சேவை முடங்கி, ‘சர்வர் கோளாறு’ என்று விளக்கம் வரும்போது, அந்த நேரத்தில் கிளஸ்டரில் யாரேனும் ஏதேனும் மாற்றம் செய்துகொண்டிருந்தார்களா, அந்த மாற்றத்துக்கு ஒத்திகை பார்க்கப்பட்டதா, பார்த்திருந்தால் அது என்ன காட்டியது என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் பதில் சொல்லாமல் போகலாம். ஆனால் பத்திரிகையில் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தாலே, உள்ளே இருக்கும் நிர்வாகி தன் மேலாளரிடம் சோதனைக் கிளஸ்டர் கேட்பது எளிதாகும்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் உள்ள ஒரு வாசகர்